குறி தப்பியதற்கு ஒரு கும்பிடு

பஸ் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும், என் முன் சீட்டில் இருந்த அம்மா கைகூப்பினார்.

"ஒரு குண்டுகூட படல. பெருமாளே, ரொம்ப நன்றிப்பா."

பக்கத்தில் கணவர். மடியில் பட்டுக்கடைப் பை.

"இன்னாமா, நான் குறி தப்பினதுக்கா கும்பிட்டுக்கினு இருக்கிற? அந்த ரிவால்வர் உள்ளங்கை அளவுதான் இருக்குது. சுட்டா தோள்பட்டையே ஆடிப்போவுது. வாங்கறதுக்கு முன்னாடி கடைக்காரன் வெச்ச அட்டையில சுட்டுப் பாத்தது நல்லதாப் போச்சு. நமக்கு வேணாம்."

"அதுக்குத்தாங்க கும்பிடறேன். திருடனுக்குன்னுதான் வாங்கப் போனீங்க. போன வாரம் பாகம் கேட்டு உங்க தம்பி நம்ம கடைக்கு வந்தப்ப, கோவத்துல கத்திரிக்கோலைத் தூக்கினீங்களே. தடுக்கப் போயி தம்பி கை கிழிஞ்சுது. அன்னிக்கு இது கல்லாவுல இருந்திருந்தா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ராஜகுளம் வந்தபோது மெதுவாகச் சொன்னார். "போலீசுக்குப் போயிருக்கலாம் அவன். போவலியே."

அந்த அம்மா போனில் நம்பரைப் போட்டு நீட்டினார்.

காஞ்சிபுரத்தில் எல்லோரும் இறங்க எழுந்தபோதும் கணவர் எழவில்லை. காதில் போனை அழுத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்:

"தம்பி, கை எப்படிபா இருக்குது?"