சும்மாதானுங்க வந்தோம்

அவிநாசி பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு தலைமையாசிரியரும் பெற்றோர் சங்கத் தலைவரும். ஒட்டுக்கேட்கவில்லை, காது என்னைக் கேட்காமல் போய்விட்டது.

“ஏனுங்க சார், மில்லுக்காரரு டிரஸ்டுக்குப் போனதே பொண்ணுங்களுக்குக் கக்கூஸ் கட்டப் பணம் கேக்கத்தானுங்களே? அவரே ‘என்ன விசயம்’னு கேட்டாரு. ‘சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்’னு சொல்லிப்போட்டீங்க!”

“காப்பி குடுத்து உக்கார வெச்சவருகிட்ட எடுத்த உடனே எப்படீங்க கேக்கறது? நீங்க சொல்லியிருக்கலாமுங்கல்ல?”

“வாத்தியாரு பேசறப்ப குறுக்க பேசறதுங்களா?”

அடுத்த ஸ்டாப் வந்ததும் தலைமையாசிரியர் எழுந்தார்.

“இந்த வருசமும் கட்டலைன்னா, எட்டாவதோட புள்ளைங்கள நிறுத்திருவாங்க. எறங்குங்க, திரும்பிப் போலாம்.”

“போயி என்னன்னு சொல்றதுங்க?”

“குடைய மறந்துபோட்டோம்னு சொல்லலாமுங்க.”

“குடை உங்க கையிலதானுங்க இருக்குது!”

தலைமையாசிரியர் யோசித்தார். குடையைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு இறங்கினார்.