சூடானதும் நிற்கும் வண்டி

குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக ஓடும் கார், சூடேறியதும் வழியில் நின்றால் எல்லாரும் முதலில் பெட்ரோலைத்தான் சந்தேகப்படுவார்கள். கண்டன்சரைப் பார்க்க வேண்டும். என்ஜினுக்குப் பக்கத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுண்டுவிரல் நுனி அளவில் இருக்கும். அது கெட்டால் பிளக்கில் பொறி வராது. சிலது முழுதாகக் கெடாமல், சூட்டில் மட்டும் மயங்கி, ஆறியதும் எழுந்துகொள்ளும். பட்டறைக்கு வரும்போது வண்டி நல்ல பிள்ளையாக நிற்கும்.

இது தெரிந்தால் மற்றது உங்களுக்கு எளிதில் புரியும், இன்ஸ்பெக்டர் அய்யா.

சேவுகப்பெருமாள் அண்ணனின் மோரிஸ் மைனரைப் பதினாறு வருடம் நான்தான் பார்த்துவந்தேன். அவருடைய தகப்பனார் ஐம்பத்தேழில் வாங்கியது. முப்பத்தெட்டு வயதான வண்டி. வேறு யார் கையும் அதில் பட்டதில்லை.

போன தை மாதம், அவர் மகள் முத்தழகுவின் நிச்சயதார்த்தத்தன்று மண்டப வாசலில் வண்டி கிளம்பவில்லை. முக்கால் மணி நேரம் பார்த்தேன். எனக்குப் பிடிபடவில்லை. அப்படியும் நடப்பதுண்டு. சம்பந்தி வீட்டார் சுற்றி நின்றார்கள்.

"விடுய்யா கருத்தையா. ஒனக்கு வயசாயிப்போச்சு. இனிமே சைக்கிளுக்குக் காத்தடி," என்றார் அண்ணன்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் வண்டி அருள் பிரகாஷிடம் போனது. டிப்ளமோ படித்துவிட்டுக் காரைக்குடியில் புதிதாகப் பட்டறை போட்டிருந்த பையன். காயிலுக்குப் போகும் ஒயர் உள்ளே அறுந்திருந்ததை அரை மணியில் கண்டுபிடித்துவிட்டான்.

எனக்குக் கோபம் வரவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

பங்குனியில் ஒரு கல்யாணத்துக்கு அண்ணன் காரைக்குடி வந்திருந்தார். வண்டி மண்டபத்துக்குப் பின்னால் நின்றது. பகல் பத்து மணி இருக்கும். பானெட்டைத் திறந்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்த வண்டிக்குள் நான் தலையை விட்டிருப்பது ஊருக்குப் பழகிய காட்சி. நல்ல கண்டன்சரைக் கழற்றிவிட்டு, சூட்டில் மயங்கும் ஒன்றை மாட்டினேன். பார்க்கப் புதிது போல இருப்பதாகத் தேடி எடுத்திருந்தேன். நாலு நிமிடம் ஆனது. நல்லதைத் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து தினமும் சட்டை மாற்றும்போது அதையும் மாற்றி வைத்துக்கொள்வேன். அது அவருடைய பொருள். திருடும் எண்ணம் எனக்கு இல்லை.

பிறகு வண்டி வழியில் நிற்கத் தொடங்கியது. அருள் பிரகாஷ் பிளக்கை மாற்றினான், காயிலை மாற்றினான், கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினான். ஏழு வாரம். என்றைக்காவது அண்ணன் என்னைத் தேடி வருவார் என்று இருந்தேன். அவ்வளவுதான் நான் எதிர்பார்த்தது.

வைகாசி பன்னிரண்டாம் தேதி காலை பதினோரு மணிக்கு, தோட்டத்தில் விறகு எடுக்கக் குனிந்த துர்காதேவி மதினியை நல்லபாம்பு கடித்தது. அண்ணனின் மனைவி. அங்கிருந்து காரைக்குடி ஆஸ்பத்திரிக்கு மானகிரி வழியாகத்தான் வர வேண்டும். கால் மணி நேரம் ஓடிய வண்டி மானகிரியில் நின்றது. என் பட்டறை அங்கேதான். முத்தழகு ஓடி வந்தாள்.

"சித்தப்பா, அம்மாவப் பாம்பு கடிச்சிருச்சு. வண்டி நின்னுபோச்சு. வாங்க சித்தப்பா."

போனேன். மதினி பின்சீட்டில் படுத்திருந்தார். பேச்சு இருந்தது. இமைதான் நிற்கவில்லை. ஒரு கண்ணை விரலால் தூக்கிப் பிடித்து என்னைப் பார்த்து, "தம்பியா? வாங்க," என்றார். அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எடுத்த எடுப்பில் கண்டன்சரில் கை வைத்தால் என்ன நினைப்பார்கள்? கோளாறு பார்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையில் பார்த்தேன். பேட்டரி ஒயரைத் தொட்டுப் பார்த்தேன். பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து, பொறி வருகிறதா என்று பார்த்தேன். மொத்தம் நாலு பிளக். மூன்றாவதைக் கழற்றும்போது ஒரு வேன் வந்தது. அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். டிரைவர் இறங்கிப் பின்கதவைத் திறந்தார்.

"வேணாம்ணே. மதினிய அசைக்காதீக, விசம் ஏறிரும். ரெண்டே நிமிசம்," என்றேன்.

அண்ணன் நம்பினார். வேன் போய்விட்டது.

முத்தழகு உள்ளேயிருந்து, "அம்மா பேச மாட்டேங்குதுப்பா," என்றாள். நான் நாலாவது பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

"கருத்தையா, அன்னைக்கு நான் சொன்னத மனசுல வச்சுக்கிராதய்யா. ஒன்னைய விட்டா இந்த வண்டிக்கு ஆளில்லய்யா."

அப்புறம்தான் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, கெட்டதைக் கழற்றிவிட்டுப் பையில் இருந்த நல்லதை மாட்டினேன். வண்டி ஒரே சுற்றில் கிளம்பியது. நான் வந்ததிலிருந்து இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசியை எடுத்தபோது மதினிக்கு மூச்சு இல்லை.

பதினாறாம் நாள் காரியத்தில் அண்ணன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீ இல்லாட்டி ஆசுபத்திரி வாசல்கூட அவ பாத்திருக்க மாட்டா," என்று அழுதார். நான் மறுத்துப் பேசவில்லை. துக்கத்தில் இருப்பவரிடம் என்ன பேசுவது?

அவருடைய சொந்தக்காரர்கள் அருள் பிரகாஷின் பட்டறையை உடைத்தார்கள். நான் கழற்றிய கண்டன்சரைக் காட்டி, கெட்ட சாமானை மாட்டிவிட்டான் என்று புகாரும் கொடுத்தார்கள். அவனை நீங்கள் மூன்று நாளாக வைத்திருக்கிறீர்கள். அவன்மேல் குற்றம் இல்லை. பாம்பை நான் விடவில்லை. ஆனால் கெட்டதை மாட்டியதும், நல்லதைப் பையில் வைத்துக்கொண்டு இருபத்திரண்டு நிமிடம் நின்றதும், வேனைத் திருப்பி அனுப்பியதும் நான். எல்லாம் தெரிந்தே செய்தது. எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

அந்தப் பையனை விட்டுவிடுங்கள். அதற்காகத்தான் வந்தேன். ஒன்று மட்டும். கண்டன்சர்மேல் தனக்கு முதலிலேயே சந்தேகம் இருந்ததாக அவன் எழுதிக் கொடுத்திருப்பதாக நேற்று ஏட்டய்யா சொன்னார். அந்த வரியை அடித்துவிடுங்கள். அவனுக்கு அது தெரியவே இல்லை.