வரி எடிட்டரில் ஒரு வரி கூட்டிய புள்ளி சாருக்கு

சொல்லைச் சுருக்கி, நிரலைச் செதுக்கி, எங்கள் நிம்மதியையும் அவ்வப்போது நறுக்கிய நல்லவரே! கணினிக் கூடத்தின் காவலரே! யூனிக்ஸ் கணினியே உற்ற உறவென உழைத்த உத்தமரே! முப்பதாண்டுப் பணி முடித்துப் பிரியும் எங்கள் புள்ளி சார் அவர்களே! வணங்கி மகிழ்கிறோம்.

புதியவர்களுக்காகப் பெயர்க்காரணம்: இக்கல்லூரி அலுவலகத்தில் கோப்புகளை அடித்துத் திருத்துவதற்கென நீங்களே எழுதிய எடிட்டர் நிரல், கோப்பை முழுதாகத் திரையில் காட்டாது, கேட்ட வரியை மட்டும் காட்டும். 'சேர்' என்று ஆணையிட்டால், அதன்பின் அடிப்பதெல்லாம் கோப்புக்குள் போகும். தனி வரியில் ஒற்றைப் புள்ளி வைத்தால்தான் நிற்கும். அதுவரை வாயே திறக்காது. யார் எந்தக் குறையோடு வந்தாலும் "புள்ளி வச்சீங்களா?" என்று கேட்டே பெயர் வாங்கினீர்கள்.

அதன் மூல நிரலில் வேண்டாத வரி ஒன்றுகூட இல்லை என்பது உங்கள் பெருமை. வீட்டுக்கு வரும் விருந்தாளிக்குப் பிள்ளைகளின் படத்தைக் காட்டாமல், அச்செடுத்த நிரலைக் காட்டுவீர்கள் என்று உங்கள் துணைவியார் பெருமிதத்தோடு, அல்லது அதுபோன்ற ஏதோ ஒன்றோடு, சொல்லியிருக்கிறார். "எழுதுற நிலையில இருக்கோம்னு ஒரு குறியாவது காட்டக் கூடாதா சார்?" என்று கெஞ்சினோம். "தான் என்ன செய்றோம்னே தெரியாதவங்களுக்கு நான் எதுக்குய்யா எடிட்டர் எழுதணும்?" என்றீர்கள். உள்ளம் குளிர்ந்து திரும்பினோம்.

அப்போது தட்டச்சர் அக்கா தற்காலிகப் பணியில் இருந்தார். அவரை நிரந்தரமாக்கும் ஆணை அன்றைய கல்லூரி முதல்வரின் மேசையில் காத்திருந்தது. தேர்வு அறிவிப்பில் 'இப்படிக்கு'க்கு மேலே விட்டுப்போன ஒரு வரியை அக்கா சேர்க்க, முதல்வர் வாசலில் நின்று "ஆச்சாம்மா? ஆச்சாம்மா?" என்றார். பதற்றத்தில் அக்காவுக்குப் புள்ளி மறந்தது. எதை அடித்தாலும் பதிலில்லை என்றதும், எப்படியும் அதற்குக் கேட்கவில்லை என்ற துணிவில், மனத்திலிருந்ததையும் சேர்த்து அடித்தார். ஒருவழியாகப் புள்ளி வைத்து, அச்செடுத்து நீட்ட, முதல்வர் படிக்காமலே கையொப்பமிட, பலகையில் ஏறியது:

மாணவர்கள் அரை மணி நேரம் முன்னதாக வரவேண்டும்.
சேமி.
அட, சேமியேன்.
வெளிய விடு சாமி.
அந்த ஆள் வேற வாசல்ல நின்னு உயிர வாங்குறார்.
இப்படிக்கு, முதல்வர்.

மாணவர்கள் கடைசி வரி வரை படித்த முதல் அறிவிப்பு அதுவே.

"நாளையிலேருந்து வர வேணாம்மா" என்றார் முதல்வர். அக்கா மேசையைக் காலி செய்தார். நிரந்தரமாகப் போகிறது என்று ஊரெல்லாம் சொல்லிவைத்த வேலையை, இல்லை என்று வீட்டில் எந்த வாயால் சொல்வது என்பதே அவர் கவலை. அந்நேரம் நிரல் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நீங்கள் முதல்வர் அறைக்குள் நுழைந்தீர்கள். வாசலில் நின்ற எங்கள் காதில் எல்லாம் விழுந்தது.

"அந்தம்மா வெளிய விடுன்னு கெஞ்சியிருக்காங்க சார். காது கேக்காத மாதிரி எழுதினவன் நான். அனுப்பணும்னா என்னை அனுப்புங்க."

"உங்களை அனுப்பிட்டா அந்த எடிட்டரை யாருய்யா கட்டி அழுறது?"

"ஒரு வரி கூட்டிடறேன். யாரும் அழ வேண்டாம்."

ஐயா, அந்த ஒரு வரி உங்களுக்கு என்ன வலி என்பதை நாங்கள் அறிவோம்! முதல்வர் முனகிக்கொண்டே அக்காவின் நிரந்தர ஆணையில் கையெழுத்திட்டார். அன்று முதல், 'வெளிய விடு' என்று யார் அடித்தாலும், "சேமிச்சிட்டுப் போகட்டுமா அக்கா?" என்று உங்கள் எடிட்டர் பணிவோடு கேட்கிறது. முதல்வரையும் அக்கா என்றே அழைத்தது. அவர் முறையிட்டபோது, "ஆள் பார்த்துப் பேச இன்னொரு வரி வேணும் சார்" என்று சொல்லி முடித்துவிட்டீர்கள்.

நேற்று மூல நிரலை எங்களிடம் ஒப்படைத்து, "எதை வேணா மாத்துங்க. அக்காவை மட்டும் தொட்டுடாதீங்க" என்றீர்கள். "தொட்டா கைய உடைச்சிருவேன்" என்று அங்கேயே வழிமொழிந்தார், இன்று அலுவலகக் கண்காணிப்பாளராக இருக்கும் அதே அக்கா.

உடல் உறுதியும் உள்ளக் களிப்பும் குன்றாமல், துணைவியாரோடு வாய்விட்டுப் பேசி, நூறாண்டு கடந்தும் நீடு வாழ்க!

நன்றி மறவாத,
அலுவலகக் கண்காணிப்பாளர் (நிரந்தரம்)
மற்றும் கணினிக்கூட, அலுவலகப் பணியாளர்கள்