மூன்றாம் மாடியும் கிளெடிச்சி மரமும்

எங்கள் முற்றத்துக் கிளெடிச்சி மரம் மே மாதம் இருபதாம் திகதிக்கு முன் துளிர்ப்பதில்லை. மற்ற மரங்கள் பச்சையாகிவிட்ட பிறகும் இது குச்சிகளாகவே நிற்கும். பட்டுவிட்டது என்று ஆண்டுதோறும் யாராவது என்னிடம் சொல்வார்கள். நான் ஒரு கிளையை நகத்தால் சுரண்டி உள்ளே இருக்கும் பச்சையைக் காட்டுவேன்.

ஜேர்மனியில் ஹம் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். லிஃப்ட் இல்லாத பழைய மாடிக் குடியிருப்பு. 2013இல் குடியிருப்பு நிறுவனத்திடம் அனுமதி வாங்கி, முள்ளில்லாத ஒட்டுக்கன்றாகத் தேடி நட்டேன். ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் தளிர்களில் விரல் நீளத்துக்கு முள் வரும். அவற்றை அவ்வப்போது வெட்ட வேண்டும். கோடையில் தண்ணீரை மெதுவாக, நீண்ட நேரம் விட வேண்டும். எல்லாம் செய்தேன். இதன் நிழல் அடர்த்தியானதல்ல. சிறிய இலைகளுக்கு நடுவே வெளிச்சம் விழும், கீழே புல்லும் வளரும். அப்படி ஒரு நிழலை நான் வேறெங்கும் கண்டதில்லை.

என் பெயர் யூட்சன். முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்களுக்கு டொச்சு மொழியில் வரும் கடிதங்களை வாசித்துக் கொடுப்பேன். ஒன்பது குடும்பங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று சொல்வேன். பதிலை எழுதி, கையெழுத்து வரவேண்டிய இடத்தில் விரலை வைப்பேன். அவர்கள் கையெழுத்திடுவார்கள். இருபது ஆண்டுகளில் ஒருவரும் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னதில்லை.

மூன்றாம் மாடியில் குமாரசாமி அண்ணையும் அவர் மனைவி புஸ்பவதி அக்காவும். பிள்ளைகள் இல்லை. அண்ணை முப்பது வருடம் உணவகச் சமையலறையில் நின்றவர். டொச்சு பேசுவார், கடிதம் வாசிக்கத் தெரியாது. 2021 பெப்ரவரியில் அக்கா பனியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அதன்பின் சக்கர நாற்காலி. லிஃப்ட் கேட்டு எழுதும்படி அண்ணை சொன்னார். எழுதினேன். மருத்துவச் சான்றுகளையும் நானே இணைத்தேன். மறுத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் அவ்வளவு நன்றாக எழுதினேன்.

அடுத்த மே மாதம் பதில் வந்தது. வெளிச்சுவரோடு சேர்த்து, முற்றத்துப் பக்கம் லிஃப்ட் கட்டித் தருவார்களாம். வேறு இடம் இல்லை. ஒக்டோபரில் மரத்தை வெட்டிவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். மரத்துக்காக வருந்துகிறார்கள். அக்காவின் சம்மதக் கையெழுத்து மட்டும் தேவை.

அவர்கள் வீட்டு மேசையில் வைத்து அதை இரண்டு முறை மனதுக்குள் வாசித்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருந்துகினமாம்" என்றேன்.

கடிதத்தில் இருந்ததைத்தான் சொன்னேன். அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றே நம்புகிறேன்.

பதிலையும் நானே எழுதினேன். எங்களுக்கு லிஃப்ட் தேவைப்படாது, அக்கறைக்கு நன்றி. விரலை வைத்தேன். அக்கா கையெழுத்திட்டார். மறுபடியும் எழுதிப் பார்க்கவா என்று அண்ணையிடம் கேட்டேன். அப்படிக் கேட்பதுதான் முறை.

"உனக்கும் எத்தினை அலைச்சலடாப்பா. விடு" என்றார்.

அதன்பின் செவ்வாய்தோறும் அக்காவை நாற்காலியோடு தூக்கி வைத்தியரிடம் போக இறக்கினோம். ஐம்பத்து நான்கு படிகள். அண்ணை மேலே பிடிப்பார், நான் கீழே. முதுகு நோகாமல் தூக்க எனக்குத் தெரியும், என் தொழில் அது. இரண்டு வருடத்தில் ஒரு செவ்வாயும் தவறவிடவில்லை. இதைத் தயவுசெய்து கவனத்தில் கொள்ளுங்கள். கீழே வந்ததும் வாகனம் வரும்வரை அக்காவை மர நிழலில் விடுவோம். நான் செத்தால் இதற்குக் கீழேயே விட்டுவிடுங்கோ, திரும்ப மேலே தூக்குற வேலை மிச்சம் என்று பகிடி விடுவார். மூவரும் சிரிப்போம்.

ஒருமுறை சொல்லிவிட நினைத்தேன். அது 2023 இலையுதிர் காலம். மரம் முழுக்க மஞ்சளாகியிருந்தது. அந்த மஞ்சள் இரண்டு வாரம்தான் நிற்கும். அது முடியட்டும் என்றிருந்தேன்.

2024 ஜூலையில் ஒரு செவ்வாய்க் காலை. காலையிலேயே முப்பது பாகை. நான் மரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். வாகனம் வந்துவிட்டது, மேலே வா என்று அண்ணை யன்னலால் கூப்பிட்டார். பத்து நிமிடம் என்று கையைக் காட்டினேன். அரைகுறையாக நனைத்தால் வேர் ஆழம் போகாமல் மேலேயே தங்கிவிடும். இது தோட்ட வேலை தெரிந்த எவரும் ஒப்புக்கொள்வது. அண்ணைக்கு எழுபத்தாறு வயது, பொறுமை குறைவு. தனியாக இறக்கத் தொடங்கியிருக்கிறார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கால் தவறிப் பின்பக்கமாக விழுந்தார். நாற்காலி கைப்பிடிக் கம்பியில் மாட்டி நின்றதால் அக்காவுக்கு ஒரு கீறலும் இல்லை. சத்தம் எனக்குக் கேட்டது. குழாயை மூடிச் சுருட்டி வைத்துவிட்டுப் போனேன். அதிக நேரம் ஆகவில்லை.

அண்ணை அன்று மாலையே இறந்தார். இறுதிச் சடங்குக்கு அக்காவை இறக்க நான்கு பேர் சேர்ந்தோம். அதுதான் அவர் கடைசியாகக் கீழே வந்தது. வைத்தியர் இப்போது வீட்டுக்கு வருகிறார், சாப்பாடு நான் கொண்டுபோகிறேன். பகல் முழுதும் அக்கா யன்னலோரம் இருக்கிறார். கிளெடிச்சியின் உச்சியைத் தினமும் பார்க்கக் கொடுத்துவைத்தவர் எங்கள் ஊரிலேயே அவர் ஒருவர்தான்.

போன வாரம் குடியிருப்பு நிறுவனத்திலிருந்து அன்னா என்றொரு பெண் வந்தார். வேலைக்குப் புதியவர். சக்கர நாற்காலியில் இருப்பவர் லிஃப்ட் வேண்டாம் என்று ஏன் எழுதினார் என்பது பழைய கோப்பைப் பார்த்த அவருக்கு விளங்கவில்லை. முற்றத்தில் என்னைத்தான் முதலில் கண்டார். அனுமதி இன்னும் செல்லும், மாத முடிவுக்குள் கையெழுத்து வந்தால் போதும் என்று புதுக் கடிதத்தைத் தந்தார். நானே வாசித்து விளங்கப்படுத்துகிறேன் என்றேன். உங்களைப் போல ஒருவர் பக்கத்தில் இருப்பது அந்த அம்மாவின் அதிர்ஷ்டம் என்றார்.

ஆக, நடந்தது இதுதான். ஒரு மரத்துக்காக இரண்டு பேரை மூன்றாம் மாடியில் அடைத்து வைத்தேன். அதில் ஒருவர் இறந்தார். நான் பொய்யன் இல்லை என்பதால்தான் இதையெல்லாம் ஒளிக்காமல் எழுதுகிறேன். அக்காவிடமும் ஒளிக்கப் போவதில்லை. கையெழுத்துக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.

இன்று ஞாயிறு. கடிதத்தோடு மேலே போனேன். அக்கா நாற்காலியில் இருந்தபடியே தேநீர் ஊற்றிக் கோப்பையை என் பக்கம் தள்ளினார். பிறகுதான் என் கையைப் பார்த்தார்.

"நல்ல செய்தியெண்டா இப்பவே சொல்லுங்கோ தம்பி. இல்லாட்டி முதல்ல தேத்தண்ணியக் குடியுங்கோ."