பழுதோடு கொண்டு போங்கள்

கூட்டத்தைக் கூட்டிவிட்டு நாற்காலியை மட்டும் ஓரமாகப் போட்டுக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே, வாங்கிய பொருளை வாழ்நாள் முழுதும் காத்து வைத்திருக்கும் பெரியோர்களே, தராசுத் தட்டோடு கடைக்காரரின் கையையும் சேர்த்தே பார்க்கும் கண்ணுடைய தாய்மார்களே, அந்தக் கண்ணுக்கு அஞ்சாமல் கடை நடத்தும் வணிகப் பெருமக்களே, நாளைக்கு வாங்கப்போகும் இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் சட்டம் படித்தவன் அல்லன். ஜன்னல்களுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவன். தைப்பது நான், ஏறி மாட்டுவது என் மகள். "நுகர்வோர் உரிமை பற்றி நாலு வார்த்தை பேசுங்கள்" என்றார் தலைவர். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற வழக்கம் எனக்கில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆகவே ஓர் ஏணியின் கதையைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெயிண்டர் இருக்கிறார். சுவரைத் தொட்டால் சுவர் சிரிக்கும், அப்படியொரு கை. அவர் புதிதாக ஓர் இரும்பு மடக்கு ஏணி வாங்கினார். வாங்கிய மறுநாளே வேலைக்கு எடுத்துப் போனார். மேலே நின்று கூரையோரம் பூசிக்கொண்டிருக்கையில் காலடியில் ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால், மேல் படியை ஏணியின் பக்கச் சட்டத்தோடு பற்றவைத்த இடத்தில் விரிசல். அவர் மனைவி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர். "இப்பவே கடைக்குக் கொண்டு போங்க" என்றார்.

கொண்டு போனாரா? இல்லை. ஏணி முழுக்கச் சுண்ணாம்பும் பெயிண்டும் சிந்தியிருந்தது. அழுக்கோடு ஒரு பொருளை யார் கையிலும் கொடுத்துப் பழகாத மனிதர் அவர். வீட்டுக்குக் கொண்டுவந்து துடைத்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பள்ளத்தைக் கண்டால் பட்டி வைத்து நிரவுவது அவர் கையின் பழக்கம், நிரவினார். மேலே ஒரு பூச்சு, அதன்மேல் இன்னொரு பூச்சு. காய்ந்ததும் கடைக்குச் சுமந்து போனார்.

சிரிக்கிறீர்கள். நானும் முதலில் சிரித்தவன்தான். கடைக்காரர் ஏணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார்:

"விரிசல்னு சொன்னீங்களே, எங்கண்ணே?"

"இங்கதான் இருந்துச்சு. கை அதுபாட்டுக்குப் பட்டி வச்சிருச்சு."

"போர்டைப் பாத்தீங்களா? விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது. ஆனா பழகின மனுஷன், மனசு சங்கடப்படக் கூடாது. உங்களுக்காக வேற ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போங்க."

பெயிண்டருக்கு உச்சி குளிர்ந்தது. வேறொன்றை எடுத்துக்கொண்டு, கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டார்.

அன்பர்களே, இந்த இடத்தில் நான் சற்று நிற்க வேண்டும். அவர் செய்த பிழை பட்டி வைத்தது மட்டுமா? அது கையின் பிழை. கும்பிட்டது மனத்தின் பிழை. பழுதான பொருளை மாற்றித் தருவது கடையின் கடமை. கேட்டுப் பெறுவது நம் உரிமை. அந்த உரிமையை "உங்களுக்காக" என்று ஒருவர் சலுகையாக நீட்டும்போது நாம் நெகிழ்ந்து போகிறோம். உரிமையாகப் பெற்றவன் கேள்வி கேட்பான். சலுகையாகப் பெற்றவன் கேட்பானா? பழைய ஏணி என்ன ஆகும் என்று கேட்க அவருக்கு நா எழவில்லை. நமக்கு மாற்றிக் கிடைத்தது, நல்லபடியாக வந்தோம் என்று வந்துவிட்டார். நம்மில் எத்தனை பேர் அப்படி வரவில்லை?

பின்வரிசையில் ஓர் அண்ணன் கேட்கிறார், "பில் தொலைஞ்சு போனா?" கேட்கும் உரிமை தொலையாது அண்ணே, நிரூபிக்கும் பாடுதான் கூடும். ஆகவே பில்லைப் பத்திரப்படுத்துங்கள். கதைக்கு வருகிறேன்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி கேட்டிருக்கிறார்:

"அந்தப் பழைய ஏணிய என்னங்க பண்ணினார்?"

"கடை வாசல்ல நிறுத்தியிருக்கார். புதுசுங்களை விட அதுதான் பளபளன்னு நிக்குது."

அந்த அம்மா எழுந்துவிட்டார். தட்டில் போட்டது போட்டபடி கிடக்க, இருவரும் கடைக்கு ஓடிவந்தார்கள். அங்கே ஒரு மனிதர் அதே ஏணியைத் தேர்ந்தெடுத்து, இருப்பதிலேயே இதுதான் அழகு என்று மெச்சிக்கொண்டு, தோளில் தூக்கப் போனார். அந்த மனிதன் நான்தான்.

"அண்ணே, அதைக் கீழ வைங்க" என்றார் அந்த அம்மா. மூச்சு வாங்கியது. "அதுல விரிசல் இருக்கு."

கடைக்காரர் முகம் சிவந்தது. "ஏம்மா, உங்களுக்குத்தான் மாத்திக் கொடுத்தாச்சே. இது இப்ப என் பொருள். இதுல உங்களுக்கு என்ன உரிமை?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் எரிச்சல்தான். கண்ணாடி போலிருக்கும் ஏணியில் ஏது விரிசல்? அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை.

"பொருள் உங்களுதுதான். மேல ஏறப்போற உயிர் உங்களுது இல்லையே. இவரு மேல நிக்கும்போது அந்தச் சத்தத்தைக் கீழ நின்னு கேட்டவ நான். இன்னொருத்தி அதைக் கேக்க வேணாம்."

பெயிண்டர் சட்டைப் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்தார். தன் கையால் பூசிய பூச்சை, எத்தனையோ வீடுகளில் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த அந்தப் பூச்சை, அத்தனை பேர் முன்னிலையிலும் சுரண்டத் தொடங்கினார். மேல்பூச்சு போயிற்று. அடிப்பூச்சு போயிற்று. பட்டி பொடிப்பொடியாய் உதிர்ந்தது. படியை அழுத்திப் பிடித்துத் திருகினார். விரிசல் வாய் திறந்தது. என் விரல் நகம் உள்ளே போகுமளவுக்குத் திறந்தது.

கடைக்காரர் மன்னிப்புக் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. ஆனால் ஏணியைப் பின்பக்கம் இழுத்துப் போய், இனி ஒருவரும் ஏற முடியாதபடி சம்மட்டியால் அடித்து வளைத்துப் போட்டார். அதற்காக அவரை மதிக்கிறேன். அதே சரக்கில் வந்த மற்ற ஏணிகளையும் கம்பெனிக்கே திருப்பி அனுப்பினார். அந்தப் போர்டு மட்டும் இன்னும் தொங்குகிறது. அவரும் இந்த அவையில்தான் இருக்கிறார். ஐயா, அதையும் கழற்றிவிடுங்கள் என்று உரிமையோடு கேட்கிறேன். சலுகையாக அல்ல.

தாய்மார்களே, பெரியோர்களே, பழுதான பொருளைத் திருப்பிக் கொண்டு போகையில் ஏன் தலை குனிகிறோம்? ஏன் முந்தானையில் மறைத்துக்கொண்டு போகிறோம்? கிழிந்ததைத் தைத்து, உடைந்ததை ஒட்டி, கறையைக் கழுவி, குற்றம் செய்தவர்கள் நாம்தான் என்பது போல ஏன் நிற்கிறோம்? பழுதை மறைக்காதீர்கள். பழுதோடு கொண்டு போங்கள். படம் எடுத்து வையுங்கள், பில்லோடு போங்கள், மறுத்தால் நுகர்வோர் மன்றத்தின் கதவைத் தட்டுங்கள். மாற்றிக் கொடுத்த பிறகும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பழையது இனி யார் வீட்டுக்குப் போகும்? உங்களுக்காகக் கேட்பது உரிமை. முகம் தெரியாத ஒருவருக்காகக் கேட்கும்போது அந்த உரிமை அறமாகிறது.

பெயிண்டரும் அவர் மனைவியும் கடைசி வரிசையில் இருக்கிறார்கள். மேடைக்கு அழைத்தேன், வர மறுத்துவிட்டார்கள்.

இந்த மண்டபத்தின் உயரமான ஜன்னல்களைப் பாருங்கள். அந்தத் திரைகளைத் தைத்தவன் நான். இன்று காலை ஏணியில் ஏறி மாட்டியவள், அதோ இரண்டாவது வரிசையில், அப்பா எப்போது முடிப்பார் என்று பார்த்துக்கொண்டிருக்கும் என் மகள். அம்மா, நீங்கள் அன்று சோற்றை விட்டு எழுந்து வந்தீர்கள். அதனால்தான் அவள் இங்கே உட்கார்ந்திருக்கிறாள். பொறுமையோடு கேட்ட அவைக்கு நன்றி. இந்த வணக்கம் அந்தக் கடைசி வரிசைக்கு.