பூட்டிய வீட்டுக்கு உதவித்தொகை இல்லை

மதிய வெயிலில் பெரும்பாக்கத்துக்கு வண்டி ஓட்டுவது யாருக்கும் பிடிக்காது, மேடம். எனக்கும்தான். ஆனாலும் செம்பாக்கத்தில் வீட்டில் உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளாது. தகுதியில்லாத யாரோ ஒருவர் அரசாங்கப் பணத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பே என்னைக் கிளப்பிவிடும். உதவித்தொகை சரிபார்ப்பு வேலைக்கு வந்ததிலிருந்து அப்படித்தான்.

காரணம் இருக்கிறது, விசாரிக்க வந்த உங்களுக்கும் அது தெரியட்டும். முன்பு ஒரு பெரியவரை நேரில் பார்க்காமலே ‘இருக்கிறார்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. மகன் உதவித்தொகையை எடுத்துத் தின்றுகொண்டிருந்தான். கூட்டத்தில் அத்தனை பேர் முன்னாலும் என்னை நிற்கவைத்துக் கேட்டார்கள். அந்த மானக்கேடு இன்னும் மறக்கவில்லை. அன்று முதல், கண்ணால் பார்க்காத யாருக்கும் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

முத்தாலம்மாள் பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார்; மீன் விற்பவர். அவர் கணவர் துரை படகிலிருந்து தவறி விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுக்கையில் கிடந்தார். மாற்றுத்திறனாளி உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. நான் போனபோது வெளியே பூட்டு தொங்கியது. தட்டினேன். “யாரு? சாவி எதுத்த வூட்ல கீது,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. எதிர்வீட்டு கெசியா சாவியோடு ஓடிவந்தாள்.

“உள்ளதான் கீறாரு சார். தொறந்து காட்டவா?”

வேண்டாம் என்றேன். வீட்டுக்காரி இல்லாதபோது பூட்டைத் திறப்பது முறையில்லை. குரலை வைத்து ஆளை அடையாளம் சொல்லவும் முடியாது. யார் யாரையோ படுக்கவைத்து ஏமாற்றுகிற காலம் இது. ‘வீடு பூட்டியிருந்தது, பயனாளி வசிக்கவில்லை’ என்று எழுதினேன். தொகை நின்றது. அதுவரை கொடுத்ததைத் திரும்ப வசூலிக்கவும் உத்தரவு போனது.

முத்தாலம்மாள் அலுவலகத்துக்கு வந்தார். அழவில்லை.

“பூட்டாம போனா நாய் உள்ள பூந்துடுது சார். அவரால அத்த தொரத்த முடியாது. அந்தப் பணத்துலதான் கெசியாவுக்குக் குடுத்து, மதியத்துல அவரப் பாத்துக்கச் சொன்னேன். இப்ப அவளும் வேற வேலைக்குப் பூட்டா. நான் இன்னா பண்ணட்டும்?”

மறுபடி பார்த்துவிட்டு வா என்று என்னையே அனுப்பினார்கள். அதுதான் தவறு, மேடம். தன் அறிக்கையைத் தானே சோதிக்கப் போகிறவனுக்கு நிம்மதி ஏது? வழியில் இரண்டு முறை வண்டியை நிறுத்தி, திரும்பிவிடலாமா என்று யோசித்தேன்.

அதே பூட்டு. சாவி கெசியா வீட்டு ஜன்னல் கம்பியில் தொங்கியது. நடையில் ஈ காக்கை இல்லை. என் செருப்புச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். “தண்ணி,” என்றார் உள்ளே இருந்தவர். பிறகு, “யாராயிருந்தாலும் சரி, கொஞ்சம் தண்ணி குடு.” வறண்ட குரல்.

சாவியைக் கையில் எடுத்தேன். என் பையில் தண்ணீர் பாட்டிலும் இருந்தது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். திறந்தால் உள்ளே துரை இருப்பார். இருந்தால் நான் எழுதியது பொய். மறுபடியும் எல்லார் முன்னாலும் நிற்க வேண்டும். சாவியை அதே கம்பியில் மாட்டினேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். பழைய வாசகத்தையே எழுதிக் கொடுத்தேன்.

அன்று காசு போதாமல் முத்தாலம்மாள் தொலைவிலுள்ள சிங்கப்பெருமாள் கோவில் ஊர் வரை மீன் கூடையோடு போயிருக்கிறார். இருட்டிய பிறகு வந்து கதவைத் திறந்தபோது அவர் கணவர் உயிரோடு இல்லை.

ஆமாம், அவரை நான்தான் சாகவிட்டேன். தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். பொய் அறிக்கை கொடுத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். மனசு கேட்காமல் நேற்றுகூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த வீட்டில் பயனாளி வசிக்கவில்லை. தேதிதான் கொஞ்சம் முந்திவிட்டது.