பெங்களூர்ல கீறான்

அந்த ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள்: ஆர்தர் அங்கிள், அவர் மனைவி ஐடா ஆன்ட்டி, மகன் லாய்ட், லாய்டைக் கட்டிக்கொள்ளப் போகிற வினோலியா, பக்கத்து வீட்டு ரூபேஷ். ரூபேஷ் நான்தான். மட்டன் பிரியாணியில் உப்பு கொஞ்சம் குறைவு. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

தங்கச் சுரங்கம் மூடிப்போன எங்கள் ஊரில், கோரமண்டல் பகுதியில், எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பெங்களூரில் ஒரே கல்லூரி, தினமும் ஒரே ரயில். சுவீடனில் ஓர் ஆராய்ச்சிக்கூடம், மூடிப்போன சுரங்கங்களில் ஊறும் தண்ணீரைப் பற்றி ஆறு மாத இன்டர்ன்ஷிப்புக்கு எங்கள் கல்லூரியில் ஒருவரைக் கேட்டது. பட்டியலில் முதல் பெயர் என்னுடையது, இரண்டாவது லாய்ட். அவனிடம் பாஸ்போர்ட் இருந்தது. நான் அப்போதுதான் விண்ணப்பித்திருந்தேன். போலீஸ் விசாரணையில், இந்த முகவரியில் ஆள் வசிக்கவில்லை என்று எழுதிவிட்டார்கள். அதைச் சரிசெய்வதற்குள் கெடு முடிந்தது. அவன் போனான், ஆறு மாதம் முடிந்ததும் அங்கேயே தங்கிவிட்டான். நான் கடைசி செமஸ்டருக்குப் பணம் கட்டவில்லை. ஒயிட்ஃபீல்டில் ஒரு கிடங்கில் நைட் ஷிஃப்டில் பார்சல் பிரிக்கப் போனேன்.

அந்த ஞாயிறு வரை எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. எங்கோ யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று, லீவில் வந்திருந்த லாய்டிடம் வினோலியா சுவீடன் கதை கேட்டாள். லாய்ட் பனியைப் பற்றிச் சொன்னான், மூன்று மணிக்கே இருட்டிவிடுவதைச் சொன்னான். பிறகு, போன வருஷம் காலையில் மஃப்டியில் ஒருவர் வந்து என்னைப் பற்றி விசாரித்த கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னான்.

"பல்லு வெளக்கிக்கினு இருந்தேன். எவனோ இன்சூரன்ஸ்காரன்னு நெனச்சி, அவன் பெங்களூர்ல கீறான் சார்னு கன்னடத்துல சொல்லி அனுப்பிட்டேன். அங்க போனப்புறந்தான் தோணுச்சி, பாஸ்போர்ட்டுக்கு வந்த ஆளா இருக்கும்னு. சாரி மச்சான்."

ஐடா ஆன்ட்டி அவன் மண்டையில் தட்டிவிட்டு, எனக்கு இன்னொரு கரண்டி வைத்தார். சாப்பிட்டேன்.

எங்கள் ஊரில் காலை ரயிலுக்குப் போனவனைப் பற்றி எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். ராத்திரி வீடு திரும்பிவிடுவான் என்பது அதிலேயே இருக்கிறது. வெளியூர்க்காரர், ஆள் அங்கேயே குடியிருக்கிறான் என்று எடுத்துக்கொள்வார். லாய்டுக்கு அது தெரியாமல் இருந்திருக்க முடியாது. நிதானமாக யோசித்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன். சாயங்காலம் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பூட்டு வாங்கினேன்.

நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம் பாறையைக் குடைந்து செய்த பழைய வெடிமருந்து அறை ஒன்று இருக்கிறது. இரும்புக் கதவு, கொண்டி இரண்டும் இன்னும் கெட்டி. உள்ளே நீர் கசியும். அந்தத் தண்ணீரைப் பிடித்துச் சுவீடனுக்கு எடுத்துப் போக வேண்டும் என்று கேட்டது அவன்தான். திங்கள் காலை ஷிஃப்ட் முடிந்து நான் நேராக அங்கே போனேன்.

டோக்கனைப் பற்றிக் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் சார். ஆர்தர் அங்கிள் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவருடைய பித்தளை டோக்கன், 417, வீட்டு வாசலுக்கு உள்ளே ஆணியில் தொங்கும். கீழே இறங்குகிறவன் டோக்கனை எடுத்துப் போவான், மேலே வந்ததும் மாட்டுவான். ஆணி காலியென்றால் ஆள் கீழே. சுரங்கம் மூடிய பிறகும், லாய்ட் எந்தக் குழிக்குள் தலையை விட்டாலும் அதை எடுத்துப் போக வேண்டும் என்பது அவர் கட்டளை.

உள்ளே தவழ்ந்துதான் போக முடியும். லாய்ட் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு, அழுக்காகிவிடும் என்று கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். போனும் டோக்கனும் கோட்டில்தான் இருந்தன.

பிறகு போனைப் பெங்களூர் ரயிலில் ஒரு சீட்டுக்கு அடியில் வைத்தேன். டோக்கனை அவன் வீட்டு ஆணியில் மாட்டினேன். யாரு என்று அடுக்களையிலிருந்து ஐடா ஆன்ட்டி கேட்டார். நான்தான் என்றேன். காபி கொடுத்தார். வீட்டுக்கு வந்து கோட்டைப் போட்டுப் பார்த்தேன். தோள் சரியாக இருந்தது.

அன்று பொழுது சாய்ந்ததும், லாய்டைக் காணோம் என்று பழைய சுரங்கக்காரர்கள் நாலைந்து பேர் கயிறும் விளக்குமாக வந்தார்கள். ஆர்தர் அங்கிள் ஆணியைக் காட்டினார்.

"டோக்கன் மாட்டிக் கீது. மேல வந்துட்டான்."

கயிற்றைச் சுருட்டிக்கொண்டு திரும்பினார்கள். டோக்கனைச் சந்தேகப்படுகிறவர் எங்கள் ஊரில் கிடையாது. மறுநாள் உங்கள் ஆட்கள் என்னைக் கேட்டார்கள். அவன் பெங்களூரில் இருக்கிறான் சார் என்று கன்னடத்தில் சொன்னேன். போன் சிக்னலும் அங்கேதான் காட்டியது. எழுதிக்கொண்டார்கள். அவன் என்னைப் பற்றிச் சொன்ன அதே வாக்கியம். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஐந்து நாள் நானும் வினோலியாவுடன் பெங்களூரில் தேடினேன். வெயிலில் அவளுக்கு மயக்கம் வந்தபோது மோர் வாங்கிக் கொடுத்தேன்.

ஏழாம் நாள் ஆர்தர் அங்கிள் ஆணியை உற்றுப் பார்த்திருக்கிறார். நம்பர் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. ஆட்களைக் கணக்கெடுக்கும் ஷிஃப்ட் பாஸ் தூரத்திலிருந்தே படிப்பதற்காக நம்பர் வெளியே தெரியும்படிதான் மாட்டுவார்களாம். எங்கள் தாத்தா சுரங்க ஆபீசில் கிளார்க். எங்கள் வீட்டில் யாரும் கீழே இறங்கியதில்லை. எனக்கு எப்படித் தெரியும்?

டோக்கனைக் கையில் பிடித்தபடி அவர் என் வீட்டுக்கு வந்தார்.

"ரூபேஷ், எம் புள்ள இன்னும் கீழதான் கீறானா?"

குரலை உயர்த்தவில்லை. நல்ல மனிதர். அவரிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் கதவைத் திறந்தபோது லாய்டின் உயிர் போய் ஒரு நாள் ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். தண்ணீர் பிடித்த புட்டிகள் எல்லாம் காலி என்றும் சொன்னீர்கள்.

கடைசியாக என்ன பேசினான் என்று கேட்கிறீர்கள். குனிந்து உள்ளே போகும்போது திரும்பிப் பார்க்காமல் சொன்னான்.

"மச்சான், அங்க உன்னப் பத்திச் சொல்லிக்கிறேன். ஜனவரில எடுத்துக்குறேன்னு புரொஃபசர் மெயில் போட்டுக்கிறாரு. பாஸ்போர்ட்ட மட்டும் ரெடி பண்ணிக்கோ."

சரிடா என்றேன். போனை ரயிலில் வைப்பதற்கு முன் அந்த மெயிலைப் பார்த்தேன். உண்மைதான், என் பெயரைக்கூடத் தப்பில்லாமல் எழுதியிருந்தார்கள். ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவன் எனக்குச் செய்ததைத்தான் நானும் செய்தேன், ஒரு வாக்கியம் சொன்னேன், அவ்வளவுதான். கதவு விஷயம் வேறு. அந்தப் பக்கம் ஆடு மேய்க்க ஆட்கள் வருவார்கள். அவன் பத்தடி தவழ்ந்து போகும்வரை காத்திருந்து, யாரும் தவறி உள்ளே போய்விடக் கூடாது என்று கதவைச் சாத்திப் பூட்டினேன்.